ஜெயித்தவனுக்கு மூன்று வருடம் ஓய்வு

கேம்பெயின் என்றதும் நம்மூரில் நினைவுக்கு வருவது ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கியும் சுவர் விளம்பரமும்தான். இங்கே பேசப்போவது வேறு கேம்பெயின். மேசைமேல் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி, டேப் வைத்து அளந்து, பகடை உருட்டிச் சண்டை போடும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு சண்டை முடிந்தபின் அடுத்த சண்டை எந்த நிலையில் தொடங்க வேண்டும் என்று சொல்லும் விதிகளுக்கும் கேம்பெயின் விதிகள் என்றுதான் பெயர். இந்த இரண்டு கேம்பெயினுக்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றும். ஆனால் கட்டுரை முடிவதற்குள் இரண்டும் உத்திரமேரூரில் சந்தித்துக்கொள்ளும், கொஞ்சம் பொறுமை தேவை.

முதலில் விளையாட்டு என்னவென்று தெரியாதவர்களுக்காக. ஆறடிக்கு நாலடி மேசை. அதன்மேல் அட்டையிலும் தெர்மாகோலிலும் செய்த இடிந்த கட்டடங்கள், பாறைகள், ஏதோ ஒரு வேற்றுக்கிரகம். ஒவ்வொரு சிப்பாயும் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் உயரம். விளையாடுகிறவரே வாங்கி, ஒட்டி, நுனித் தூரிகையால் கண் வரைக்கும் வண்ணம் தீட்டியது. (கொலு பொம்மைக்குப் பேர்போன காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இந்தப் பித்தை விளக்க வேண்டியதில்லை.) ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஆயுதத்துக்கும் ஒரு விலை உண்டு, பாயிண்ட் கணக்கில். ஆளுக்கு ஆயிரம் பாயிண்டுக்குப் படை சேர்த்துக்கொண்டு இருவர் மோதுவார்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒருவர் ஜெயிப்பார். பொம்மைகள் பெட்டிக்குள் போகும். செத்த சிப்பாய் அடுத்த ஞாயிற்றுக்கிழமை உயிரோடு வருவான்.

இப்படி வருவதுதான் சிலருக்குப் பிடிக்கவில்லை. போன வாரம் பாலத்தைத் தனியாகக் காத்துச் செத்தவன் இந்த வாரம் எப்படி வரலாம்? பிடித்த பாலம் யாருக்குச் சொந்தம்? வணிகவியல் பாஷையில் சொன்னால், ஒற்றைச் சண்டை என்பது ரொக்க வியாபாரம். கொடுத்தோம், வாங்கினோம், கிளம்பினோம். கேம்பெயின் என்பது பேரேடு. இந்த மாதத்தின் இறுதி இருப்பு அடுத்த மாதத்தின் தொடக்க இருப்பாக வந்து உட்காரும். விளையாட்டுக்கு ஞாபகசக்தி வந்துவிடுகிறது.

ஞாபகசக்தி வந்த அன்றே வியாதியும் வந்துவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். இருவருக்கும் ஆயிரம் பாயிண்ட். ஜெயித்தவன் படை பத்து சதவீதம் வளரும், தோற்றவன் படை பத்து சதவீதம் தேயும் என்று ஒரு விதி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஐந்து சண்டையிலும் ஒருவனே ஜெயித்தால் அவனிடம் சுமார் 1610, மற்றவனிடம் சுமார் 590. கூட்டு வட்டியின் வேலை. ஆறாவது சண்டை சண்டையே இல்லை, கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று. அதைவிட மோசம், முதல் சண்டையில் ஜெயித்தவன் இரண்டாவதில் கொஞ்சம் பெரிய படையோடு வருகிறான், அதனால் அதிலும் ஜெயிக்க வாய்ப்பு கூடுகிறது, அதனால் மூன்றாவதிலும்... மனிதன் தோல்வியைத் தாங்கிக்கொள்வான். ஆனால் தோற்பதற்கென்றே வாராவாரம் பஸ் பிடித்து வரமாட்டான். நான்காவது வாரம் அவனுக்குத் தலைவலி, ஐந்தாவது வாரம் உறவினர் கல்யாணம். கேம்பெயின் அங்கே முடிந்தது. உலகத்தில் தொடங்கிய கேம்பெயின்களில் பல இப்படித்தான் செத்திருக்கின்றன. போரில் அல்ல, வராமல் போவதில்.

இந்த வியாதி வெளிநாட்டு இறக்குமதி என்று நினைக்க வேண்டாம். பல்லாங்குழி ஆடிய பாட்டிகளுக்கு நன்றாகவே தெரியும். ஒரு ஆட்டம் முடிந்ததும் அவரவர் கையில் இருக்கும் புளியங்கொட்டையை வைத்து அவரவர் பக்கத்துக் குழிகளை நிரப்ப வேண்டும். கொட்டை போதாதவருக்குச் சில குழிகள் வெறுமையாகவே நிற்கும்; அடுத்த ஆட்டம் அந்தக் குழிகள் இல்லாமல்தான். குழி குறைந்தால் பிடிக்கும் வாய்ப்பும் குறையும். கடைசியில் ஒரு குழியைக்கூட நிரப்ப முடியாமல் ஒருவர் எழுந்துகொள்வார். பதினான்கு குழிக்குள் ஒரு முழுக் கேம்பெயின். பல்லாங்குழி பிழைத்ததற்கு ஒரு காரணம், ஒரு ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடும். இழுத்தடித்துச் சாக வேண்டியதில்லை. மினியேச்சர் விளையாட்டில் அந்த வசதி கிடையாது. ஒரு சண்டைக்கே ஒரு சாயங்காலம் போய்விடுகிறது.

மேசைப் போரின் வரலாற்றில் இந்த வியாதிக்கு என்னென்ன மருந்து கொடுத்துப் பார்த்தார்கள் என்பது சுவாரசியமான கதை.

பிரஷ்யாவில் 1812-ல் லியோபோல்ட் ஃபான் ரைஸ்விட்ஸ் என்பவர் அரசருக்காக ஒரு மேசையே செய்து கொடுத்தார். அவருடைய மகன் 1824-ல் அதை வரைபடத்தின்மேல் ஆடும் விளையாட்டாக மாற்றி ராணுவத்துக்குள் கொண்டுபோனார். க்ரீக்ஸ்பீல் என்று பெயர். அதில் புதுமை பகடை அல்ல, நடுவர். இரண்டு பக்கமும் உத்தரவை எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும்; என்ன நடந்தது என்று அவர் சொல்வார். விதிப்புத்தகம் தடித்துக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் அதிகாரிகளுக்கே சலித்துவிட்டது. 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி, அட்டவணையும் பகடையும் வேண்டாம், அனுபவமுள்ள நடுவர் சொல்வதே முடிவு என்று ஒரு முறையை முன்வைத்தார். விதியா, ஆளா? இந்தக் கேள்வி அன்றிலிருந்து தீரவேயில்லை. நல்ல நடுவர் இருந்தால் பனிப்பந்து உருளத் தொடங்கும்போதே ஒரு புயலையோ தொற்றுநோயையோ கிளப்பி ஜெயிப்பவனை நிறுத்திவிடலாம். ஆனால் நடுவர் யாருடைய நண்பர் என்ற கேள்வி உடனே எழும். நம்மூர்த் தெரு கிரிக்கெட்டில் பேட்டிங் டீம் ஆளே அம்பயராக நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு இது புரியும் :-)

ராணுவத்துக்கு வெளியே, வெறும் சந்தோஷத்துக்காகத் தொடர்போர் நடத்தியவர்களில் ஒருவர் எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன். நுரையீரல் நோய்க்காக 1881-82 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் தங்கியிருந்தபோது, மாடி அறைத் தரையில் வண்ணச் சாக்கட்டியால் மலை, ஆறு, ஊர், சாலை எல்லாம் வரைந்து, வளர்ப்பு மகன் லாயிடோடு பொம்மைப் போர் நடத்தினார். 'புதையல் தீவு' எழுதி முடித்த காலமும் அதுதான். போர்ச் செய்தியை வெளியிடக் கற்பனைப் பத்திரிகைகளை எழுதினார். அவை தளபதிகளைத் தாறுமாறாக விமர்சித்தன. லாயிட் இதையெல்லாம் 1898-ல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் பதிவு செய்தார். தோற்றுக்கொண்டிருப்பவனுக்கும் அடுத்த நாள் வர ஒரு காரணம் வேண்டும் அல்லவா? தன்னைப்பற்றிப் பத்திரிகை என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் ஆசையும் நல்ல காரணம்தான். இதைக் கேம்பெயின் விதியென்று யாரும் சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

அறிவியல் புனைகதையின் பிதாமகர்களில் ஒருவரான எச்.ஜி.வெல்ஸ் 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்ற சின்னப் புத்தகம் எழுதினார். செவ்வாய்க் கிரகவாசிகளைப் பூமிக்கு அனுப்பிய அதே ஆசாமி, தரையில் படுத்துக்கொண்டு ஸ்பிரிங் பீரங்கியால் பொம்மைகளைச் சுட்டுக்கொண்டிருந்தார். ஆச்சரியம், தன் செவ்வாய்வாசிகளை அந்தத் தரைக்கு அவர் கூப்பிடவில்லை. அறிவியல் புனைகதைப் பொம்மைகள் கடைக்குப் பெரிய அளவில் வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

இடையில் இங்கிலாந்தில் டோனி பாத் என்பவர் 1950-களின் பிற்பகுதியில் ஒரு கற்பனைக் கண்டத்தில் கேம்பெயின் தொடங்கினார். ராபர்ட் ஈ. ஹோவர்ட் கதைகளில் வரும் ஹைபோரியா உலகம். அரசர்கள், வரி, கப்பல், அரண்மனைச் சூழ்ச்சி, தளபதிகளின் குணாதிசயம் வரைக்கும் கணக்கு வைத்தார். பல ஆண்டுகள் ஓடியது. 1973-ல் அந்த அனுபவத்தை ஒரு வழிகாட்டிப் புத்தகமாகவும் எழுதினார். படிக்கும்போதே தெரிவது, இது விளையாட்டு பாதி, கணக்குப்பிள்ளை உத்தியோகம் பாதி. பாத் மாதிரி ஒருவர் சலிக்காமல் எழுதிக்கொண்டிருந்தால் கேம்பெயின் ஓடும். அவர் பேனாவை மூடினால் கண்டமே மூடிவிடும். கேம்பெயினைக் கொல்லும் இரண்டாவது வியாதி இதுதான், கணக்கு எழுத ஆளில்லாமை.

விண்வெளிக்கு வருவோம். 1977-ல் 'டிராவலர்' என்ற அறிவியல் புனைகதை விளையாட்டு வந்தது. அதன் தொடர்ச்சியாக வந்த கப்பற்படை விதிகளின்படி ஒரு டிரில்லியன் நாணயம் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் விண்கலங்களை வடிவமைத்துப் போட்டிக்குக் கொண்டுவர வேண்டும். மினியேச்சர் கட்டாயமில்லை, தாளும் பகடையும் போதும். ஆனால் விதி எழுதுகிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் இங்கேதான் நடந்தது. 1981-ல் கலிபோர்னியாவின் சான் மட்டியோவில் நடந்த போட்டிக்கு டக்ளஸ் லெனட் என்ற கணினி விஞ்ஞானி வந்தார். தன் யூரிஸ்கோ நிரலிடம் விதிகளைக் கொடுத்து, நல்ல படையைத் தேடச் சொல்லியிருந்தார். மற்றவர்கள் அழகான, வேகமான கலங்களோடு வந்தார்கள். இவருடையது சிறியதும் மந்தமானதுமான கலங்களின் பெருங்கூட்டம், ஆயுதம் மட்டும் நிறைய. பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். ஜெயித்தது அதுதான்.

அமைப்பாளர்கள் அடுத்த வருடம் விதியை மாற்றினார்கள். படையின் சுறுசுறுப்புக்கு மதிப்பு கூட்டினார்கள். 1982-ல் லெனட் மறுபடி வந்தார். யூரிஸ்கோ புது ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தது. அடிபட்டு ஊர்ந்துகொண்டிருக்கும் தன் கலங்களைத் தானே அழித்துவிடு, படையின் சராசரி வேகம் காப்பாற்றப்படும்! மறுபடி வெற்றி. இனி இவர் வந்தால் போட்டியையே நிறுத்திவிடுவோம் என்று அமைப்பாளர்கள் சொல்லும் அளவுக்குப் போனது. ஒரு கௌரவப் பட்டத்தை வாங்கிக்கொண்டு லெனட் ஒதுங்கிவிட்டார். (2023-ல் காலமானார்.)

அடிபட்டவனைக் கொன்றால் லாபம் என்று ஒரு விதி சொல்லுமானால் தவறு ஆடுகிறவனுடையது அல்ல. அந்தச் சண்டைக்கு நாளை என்று ஒன்று இல்லை. நாளையும் அதே கலங்களோடுதான் வரவேண்டும் என்றிருந்தால் யாராவது தன் கப்பலைத் தானே வெடிப்பார்களா? கேம்பெயின் விதி என்பது வேடிக்கைக்கு மட்டுமல்ல, கண்ணியத்துக்கும் உதவும் என்பது இங்கே புரிகிறது.

1987-ல் இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப், ரிக் பிரீஸ்ட்லி எழுதிய 'வார்ஹாமர் 40,000' விளையாட்டை வெளியிட்டது. அறிவியல் புனைகதை மினியேச்சர் என்றால் இன்றைக்கு முதலில் சொல்லப்படும் பெயர். அதே உலகத்தில் 1995-ல் வந்த 'நெக்ரோமுண்டா'தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். விண்வெளிப் பேரரசுகள் எல்லாம் மேலே. கீழே ஒரு பிரம்மாண்டத் தொழில் நகரத்தின் அடித்தட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட ரவுடிக் கும்பல்கள் குறுக்குச் சந்துக்காக அடித்துக்கொள்ளும். ஒவ்வொரு ஆளுக்கும் பெயர் உண்டு. சண்டையில் விழுந்தால் காயப் பட்டியலில் பகடை உருட்ட வேண்டும். கண் போகலாம், கால் போகலாம், பிழைத்து வஞ்சத்தோடு திரும்பலாம். கும்பலுக்குச் சில பேட்டைகள், அவற்றிலிருந்து வருமானம்.

பனிப்பந்துக்கு இதில் கொடுத்த மருந்து ஒரு வரி அதிகாரியின் மூளையில் உதித்தது போல இருக்கிறது. பேட்டையிலிருந்து வரும் வருமானம் அப்படியே கைக்கு வராது. கும்பலில் எத்தனை பேர் என்று பார்த்து, அவர்களின் சாப்பாட்டுச் செலவு கழிக்கப்படும். கும்பல் பெருக்கப் பெருக்க மிச்சம் சுருங்கும். நம் வருமான வரியின் படிநிலைகள் மாதிரியே. அதுமட்டுமல்ல, சின்னக் கும்பல் பெரிய கும்பலைத் தோற்கடித்தால் கூடுதல் போனஸ். ஆக, ஜெயிப்பவன் வளர்கிறான், ஆனால் வளர்ச்சியின் வேகம் குறைகிறது. தோற்பவனின் ஆளும் அனுபவம் பெறுகிறான், அவனுக்கும் கதை இருக்கிறது. வியாதி முழுக்கத் தீரவில்லை. நல்ல ஆட்களைத் தொடர்ந்து இழந்த கும்பல் எழுந்திருப்பது கஷ்டம்தான். ஆனால் விளையாட்டு செத்துப்போகவில்லை. 2017-ல் புது வடிவத்தில் மறுபடி வந்தது.

இனி உத்திரமேரூர். காஞ்சிபுரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் அளவில், ஏரியும் வயலுமான ஊர். பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில், பிராமணர்களுக்குத் தானமாக அமைக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12-ம், 14-ம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன, அதாவது கி.பி. 919, 921. குடவோலை முறை. பள்ளிப் பாடத்தில் 'ஜனநாயகத்தின் முன்னோடி' என்று ஒரு மார்க் கேள்வியாகப் படித்து மறந்த சமாச்சாரம்தான். அதை ஒரு விதிப்புத்தகமாகப் படித்துப் பாருங்கள், வேறு மாதிரி இருக்கும்.

ஊர் முப்பது குடும்புகளாக, இன்றைய வார்டுகள் போல, பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி, குடத்தில் போட வேண்டும். சபை முழுக்கக் கூடியிருக்க வேண்டும். கோயில் நம்பிமார்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்றே அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டைப் பிரித்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, மறுபடி சிறுவன் ஓர் ஓலையை எடுப்பான். அதை வாங்குகிறவர் மத்யஸ்தன். கவனியுங்கள், க்ரீக்ஸ்பீலுக்கு 900 வருடம் முன்பே நடுவர்! ஆனால் இந்த நடுவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஓலையை வாங்க வேண்டும், உரக்கப் படிக்க வேண்டும். பிறகு நம்பிமார் எல்லோரும் அதையே படிக்க வேண்டும். கையில் வேறு ஓலையை மறைத்து வைத்துக்கொண்டு மாற்றிவிடக்கூடாதே. பகடையை மேசைமேல் எல்லோரும் பார்க்க உருட்டு என்று இன்றைக்கும் சொல்கிறார்களே, அந்தக் கவலைதான். விதியா ஆளா என்ற பிரஷ்யக் கேள்விக்கு உத்திரமேரூரின் பதில், ஆளை வை, ஆனால் அவன் விரல் எப்படி இருக்க வேண்டும் என்பதைக்கூட விதியில் எழுது.

முப்பது பேர் கிடைப்பார்கள். பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம் என்கிற ஆண்டு வாரியம், பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். பஞ்சவார வாரியம், பொன் வாரியம் என்று வேறு சிலவும் உண்டு. பதவி 360 நாள். விண்வெளிக் கும்பல்களுக்குப் பேட்டை எப்படியோ அப்படி இவர்களுக்கு ஏரி. வாய்க்கால் தண்ணீர் யார் வயலுக்கு முதலில் என்பதில் செல்வாக்குள்ளவன் ஒரு குடும்பத்துக்குள்ளேயே அதைப் பத்து வருடம் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போடக் கூட்டு வட்டி அட்டவணை வேண்டாம்.

அதற்குத்தான் அந்த விதி. கடந்த மூன்று வருடத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் போடவே கூடாது. ஜெயித்தவனுக்கு வரி போடவில்லை, தோற்றவனுக்குப் போனஸ் கொடுக்கவில்லை. ஜெயித்தவனை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் அடுத்த விதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆண்டு வாரியத்துக்கு ஆள் எடுக்கும்போது, முன்பு தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்தவர்கள், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்கள் ஆகியோரை எடு என்கிறது கல்வெட்டு. அனுபவம் தொடக்க இருப்பாக வரலாம், அதிகாரம் வரக்கூடாது. நெக்ரோமுண்டாவின் காயம்பட்ட கிழட்டு ரவுடி திறமையோடு திரும்பி வருகிறான், ஆனால் பணப்பெட்டி ஒவ்வொரு வாரமும் கரைகிறது. இரண்டு விதிக்கும் இடையே ஆயிரம் வருடத்துக்கு மேல் தூரம், கவலை ஒன்றுதான்.

கணக்கு எழுதாமையும் அவர்களுக்குத் தெரிந்த வியாதி. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. அவன் மட்டுமா? அப்பா, பிள்ளை, உடன்பிறந்தவன், சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், மாமனார், மைத்துனன், மருமகன்... பட்டியல் ஒரு கல்யாணப் பத்திரிகை அளவுக்கு நீள்கிறது. தணிக்கை படிக்கும் மாணவர்கள் இந்த ஒரு வரியைச் சுவரில் ஒட்டி வைக்கலாம். பினாமி என்ற சொல் இல்லாத கல்வெட்டு, ஆனால் பினாமியை முழுக்கத் தெரிந்து வைத்திருக்கிறது.

இன்னொன்று. 919-ல் எழுதிய விதியை இரண்டே வருடத்தில் திரும்ப எழுதியிருக்கிறார்கள். முதல் கல்வெட்டில் வயது 30-க்கு மேல், 60-க்குள். இரண்டாவதில் 35-க்கு மேல், 70-க்குள். ஓலை எடுக்கும் முறையும் தகுதியிழப்புப் பட்டியலும் இரண்டாவதில் மிக விரிவாக வருகின்றன. கல்லில் வெட்டியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்று உட்காரவில்லை. சான் மட்டியோவில் ஒரு வருடத்தில் செய்த திருத்தம் மாதிரிதான். ஆனால் இங்கே போட்டியை நிறுத்துவோம் என்று யாரும் மிரட்ட வேண்டியிருக்கவில்லை.

இதைப் புகழ்ந்துகொண்டே போவதும் சரியல்ல. யார் பெயர் குடத்துக்குள் போகலாம் என்று பார்த்தால் உற்சாகம் வடிந்துவிடும். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றவருக்கு நிலத்தில் சலுகை உண்டு, அரைக்கால் வேலி போதும். பெண்கள் இல்லை. ஏரியில் மண் அள்ளியவர், வயலில் இறங்கியவர் பெயர் எந்த ஓலையிலும் இல்லை. மேசைக்குள்ளே இருப்பவர்களுக்கிடையில் பிரமாதமான சமநிலை. மேசையைச் சுற்றி உயரமான மதில். விளையாட்டிலும் இது உண்டு. பெட்டி வாங்கப் பணமிருப்பவர்தான் முதலில் படையோடு வரமுடியும், அதற்குப் பிறகுதான் விதிகள் நியாயம் பேசத் தொடங்கும்.

அந்த மதிலைச் சட்டப்படி உடைத்தது 1993-ல் அமலுக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஊராட்சிகளில் இட ஒதுக்கீடு, அதுவும் சுழற்சி முறையில். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல். ஆனாலும் பாருங்கள், 2011-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தபின், காஞ்சிபுரம் மாவட்ட ஊராட்சிகளுக்கு அடுத்த தேர்தல் 2021 அக்டோபரில்தான் நடந்தது. உத்திரமேரூர் பேரூராட்சிக்கு 2022 பிப்ரவரியில். இடையில் தனி அலுவலர்கள். 360 நாளைக்கு ஒருமுறை குடத்தைக் குலுக்கு என்று சுவரில் எழுதி வைத்த ஊரில் ஐந்து வருடம் குடம் அசையவில்லை. அடுத்த சுற்றை யாருமே தொடங்காவிட்டால் என்ன செய்வது என்பதற்குக் கல்வெட்டிலும் விதி இல்லை, விளையாட்டுப் புத்தகங்களிலும் அநேகமாக இல்லை.

சரி, 921-ம் வருட விதியை எடுத்து ஒரு விண்வெளிக் கேம்பெயின் எழுதினால் வேலை செய்யுமா? அப்படியே எடுத்தால் செய்யாது. கணக்கு இடிக்கும். உத்திரமேரூரில் வருடத்துக்கு முப்பது இடம், இருந்தவருக்கு மூன்று வருடம் தடை. ஆக, இந்த மூன்று வாரியங்களுக்கு மட்டுமே குறைந்தது 120 தகுதியுள்ளவர்கள் இருந்தால்தான் நான்காவது வருடம் குடத்தில் ஓலை இருக்கும். சீட்டுக் குலுக்கல் என்று சொல்லும்படி இருக்க அதற்கும் மேலே. பெரிய ஊர், தாங்கியது. மேசையைச் சுற்றி இருப்பதோ ஆறு பேர். சுற்றுக்கு மூன்று பதவி என்றால் இரண்டாவது சுற்றோடு எல்லோரும் தடையில் போய்விடுவார்கள்.

வழி இருக்கிறது. பதவியை ஆடுகிறவருக்குக் கொடுக்காமல் பொம்மைக்குக் கொடுக்க வேண்டும். ஆளுக்கு ஐந்து தளபதி பொம்மைகள், ஐந்துக்கும் பெயர். மொத்தம் முப்பது ஓலை. தண்ணீர் வற்றிய ஒரு கிரகம், உறைபனியை உருக்கும் ஒரே ஒரு ஏரி. ஏரி வாரியத்தைப் பிடித்த தளபதியின் படைக்கு அந்தச் சுற்றில் கூடுதல் ஆள். தோட்ட வாரியத்தைப் பிடித்தவருக்குக் காயம் ஆறும் வசதி. ஆண்டு வாரியத்தில் இருப்பவர் யார் யாரோடு எங்கே மோதுவது என்று தீர்மானிப்பார். பதவியில் இருந்த பொம்மைக்கு அடுத்த மூன்று சுற்று தடை. எந்த நேரத்திலும் அதிகபட்சம் ஒன்பது பெயர்தான் தடையில் இருக்கும், குடத்தில் 21 ஓலையாவது மிஞ்சும். ஆண்டு வாரியத்துக்கு ஏற்கெனவே ஏரியிலோ தோட்டத்திலோ இருந்த தளபதி மட்டுமே வரலாம் என்பதால், முதல் நான்கு சுற்றுக்கு அந்த நாற்காலி காலி. அதுவரை பகடை தீர்மானிக்கட்டும். சண்டையில் ஜெயித்தால் நிலமும் பாயிண்டும் கிடையாது. ஆறாவது தளபதியாக ஒரு பெயரை எழுதிக் குடத்தில் சேர்க்கலாம், ஆளுக்கு ஏழு வரை. ஜெயிப்பவனுக்கு வாய்ப்பு கூடும், படை கூடாது.

போன சுற்றின் படைக்கணக்கை எழுதித் தராதவரின் ஐந்து தளபதிகளும் அந்தச் சுற்றுக்கு வெளியே. எல்லாம் ஒரே வீட்டுப் பொம்மைகள்தானே, சித்தப்பா பெரியப்பா உறவு. பத்துச் சுற்றோடு முடித்துக்கொள்ள வேண்டும். பதினொன்றாவது சுற்று என்று யாராவது ஆசை காட்டினால் கேட்கக்கூடாது. ஓலைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகையை நறுக்கிக்கொள்ளலாம். குடத்துக்குச் சமையலறைச் சொம்பு. ஓலை எடுக்க, விளையாட்டு என்னவென்றே தெரியாத ஒரு பொடியனை அடுத்த அறையிலிருந்து கூப்பிட வேண்டும். வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து வாங்க வேண்டும்.